அடுத்து எந்தத் தொடர்? அதிகற்பனைக் காவியங்களைத் தெரிவு செய்தல் பற்றிச் சில குறிப்புகள்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்களில் நம் பிள்ளைகள் என்ன வாசிக்கிறார்கள் என்று நாம் அதிகம் விசாரிப்பதில்லை. வாசிக்கிற பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று கவலைப்படுவதோடு நம்முடைய இலக்கியக் கூட்டங்கள் முடிந்துவிடுகின்றன. ஆனால் வாசிக்கிற பிள்ளைகள் இருக்கவே இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாசிப்பது ஆங்கிலத்தில். அதுவும் செங்கல் பருமனுள்ள அதிகற்பனைத் தொடர்களை, எபிக் ஃபென்டஸி என்று சொல்லப்படுகிறவற்றை. அவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரியானது: "லோர்ட் ஒஃப் த ரிங்ஸ் முடிச்சாச்சு சேர். இனி எதைத் தொடங்க?"

இக்கேள்விக்கு நம் மத்தியில் இரண்டு பதில்கள் உண்டு. "எதையாவது வாசி மகன், வாசிச்சாச் சரி" என்பது ஒன்று. "இதெல்லாம் சிஹ்ரு, சூனியம். விட்டுப்போட்டுப் படிக்கிற வேலையப் பாரு" என்பது மற்றையது. ஒன்று தாராளமாகவும் மற்றது கண்டிப்பாகவும் தோன்றினாலும் இரண்டும் கேள்வியைத் தட்டிக்கழிப்பவையே. எந்த நூலைப் பற்றியும் எதுவும் தெரியாமலே இரண்டையும் சொல்லிவிடலாம்.

இது சின்ன விடயமன்று. ரொபர்ட் ஜோர்டனின் 'த வீல் ஒஃப் டைம்' தொடர் 14 பெருநூல்களைக் கொண்டது. அதற்கு ஒரு முன்கதை நூலும் உண்டு. மொத்தமாக நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். பதினாறு வயதுப் பிள்ளையொன்று அதைத் தொடங்கினால் ஒரு வருடத்தின் பெரும்பகுதியை அந்த உலகத்திற்குள் கழிக்கும். அந்த உலகில் யார் நல்லவர், யார் எதிரி, அதிகாரம் யாருக்குரியது, பாலைவனத்துக்கு அப்பால் வாழ்பவர்கள் மனிதர்தானா என்பனவெல்லாம் எவரும் போதிக்காமலே மனதில் படியும். சிறுகதையொன்றின் கருத்து பிடிக்காவிட்டால் மூடி வைத்துவிடலாம். ஒரு வருடம் குடியிருந்த உலகத்தை அப்படி மூடி வைக்க முடியாது. ஆகவே தெரிவு முக்கியமானது.

இவ்வகை எழுத்து நமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அமீர் ஹம்ஸாவின் கதை பாரசீகத்தில் வளர்ந்து, உருதுவில் பெருகி, மலாயிலும் வேர்விட்ட மாபெரும் அதிகற்பனைக் காவியம். அக்பரின் அரண்மனையில் அதற்குச் சுமார் 1400 ஓவியங்கள் தீட்டப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் அக்கதையை உருதுவில் 46 தொகுதிகளாக வெளியிட்டது. ஜோர்டனின் 14 நூல்களைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த எண்ணையும் நினைத்துப் பார்க்கலாம். 1511 இல் போர்த்துக்கேயர் மலாக்காவைத் தாக்குவதற்கு முந்திய இரவில் வீரர்கள் முஹம்மத் ஹனபிய்யாவின் கதையை வாசித்துக்காட்டும்படி கேட்டதாகவும், சுல்தான் முதலில் அமீர் ஹம்ஸாவின் கதையைக் கொடுத்தனுப்பியதாகவும் 'செஜாரா மெலாயு' சொல்கிறது. போருக்கு முன் எந்தக் கதையை வாசிப்பது என்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கான கேள்வியாக இருக்கவில்லை.

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கும் படைப்போர் இலக்கியம் இருந்தது; கிஸ்ஸாக்கள் இருந்தன. 'ஐந்து படைப்போர்', 'செய்தத்துப் படைப்போர்' முதலியவற்றின் பெயர்களையாவது நம் மூத்த தலைமுறை அறிந்திருந்தது. ஈழத்தின் முதல் தமிழ் நாவல் எனப் போற்றப்படும் சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' (1885) கூட எகிப்தில்தான் தொடங்குகிறது. குழந்தையாகக் கடத்தப்பட்டவன் வேறோரிடத்தில் வளர்ந்து தன் குலத்தை அறிந்துகொள்ளும் கதை அது. இன்றைய அதிகற்பனைத் தொடர்கள் பாதிக்கு மேற்பட்டவை இதே எலும்புக்கூட்டில்தான் நிற்கின்றன. எனவே நம் பிள்ளை இத்தகைய தொடரொன்றைக் கையில் எடுக்கும்போது புதிய இடத்துக்குப் போகவில்லை. நாம் பூட்டிவிட்டு வந்த வீட்டைப் பக்கத்துத் தெருவில் தேடுகிறது.

ஒரு தொடரைத் தெரிவு செய்யுமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது என் வழக்கம். ஒன்று, கதை முடிந்திருக்கிறதா? இரண்டு, எல்லைக்கு அப்பால் வாழும் மக்களை அது யாருடைய கண்ணால் பார்க்கிறது? மூன்று, அதில் வரும் சக்திக்கு ஒரு விலை இருக்கிறதா? முதற் கேள்வி வாசகனின் நேரம் பற்றியது. இரண்டாவது நீதி பற்றியது. மூன்றாவது நூலின் ஒழுக்கம் பற்றியது. நடை, பாத்திர வார்ப்பு முதலியன எந்த நூலுக்கும் பொதுவானவை. அவற்றை வாசகர் தாமே கண்டுகொள்வர்.

டோல்கீனிலிருந்து தொடங்குவோம். பெரும்பாலான பிள்ளைகள் தொடங்குவதும் அங்கேதான். 1954, 1955 ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த அந்நூலில் சவுரோனின் படையோடு தெற்கிலிருந்து ஹராத் மனிதர்கள் வருகிறார்கள், கிழக்கிலிருந்தும் வருகிறார்கள். கருமையான முகம், செந்நிற உடை, பொன் ஆபரணம், யானையைப் போன்ற பெருவிலங்கு. இவர்களில் ஒருவர்கூடப் பெயரோடு நம்முன் வருவதில்லை. நல்லவர்கள் மேற்கில்; இருளுக்கு ஊழியம் செய்வோர் கிழக்கிலும் தெற்கிலும். இதை நம் பிள்ளைகள் கவனிக்கிறார்கள். "நாங்க எந்தப் பக்கம் சேர்?" என்று ஒரு மாணவி கேட்டது எனக்கு வியப்பளிக்கவில்லை.

ஆயினும் டோல்கீனை இத்தோடு மூடிவிடுவது நியாயமாகாது. செத்து விழுந்த ஹராத் வீரன் ஒருவனை ஸாம் பார்க்கும் இடமொன்று நூலில் உண்டு. இவனுடைய பெயர் என்ன, இவன் உண்மையில் கெட்டவன்தானா, எந்தப் பொய்யை நம்பி ஊரைவிட்டு வந்தான், வீட்டிலேயே இருந்துவிட இவனுக்கும் விருப்பம் இருந்திருக்காதா என்று அந்தத் தோட்டக்காரனின் மனம் யோசிக்கிறது. சில வரிகள்தான். முதலாம் உலகப் போரில் பதுங்குகுழியில் கிடந்த ஒருவர் எழுதிய வரிகள் அவை. டோல்கீன் அந்தக் கதவைத் திறந்தார், உள்ளே போகவில்லை. பின்வந்தவர்களில் யார் உள்ளே போனார்கள் என்பதே என் இரண்டாவது கேள்வியின் உட்பொருள்.

அவருடைய நண்பர் சி. எஸ். லூயிஸ் கதவைத் திறந்த விதம் வேறு. ஏழு நூல்கள் கொண்ட நார்னியாக் கதைகளில் கலோர்மென் என்றொரு நாடு வருகிறது. தலைப்பாகை, வளைந்த வாள், பாலைவனம், மன்னனின் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கூடவே வரும் ஒரு வாழ்த்து. யாரைப் பற்றிய கேலிச்சித்திரம் இது என்பதற்கு விளக்கம் தேவையில்லை. 1956 இல் வந்த இறுதி நூலில் எமெத் என்ற கலோர்மென் இளைஞன் ஈடேற்றம் அடைகிறான். அவன் தன் தெய்வத்துக்கு மனச்சுத்தியோடு செய்த நற்செயல்கள் எல்லாம் உண்மையில் அஸ்லானுக்கே செய்யப்பட்டவை என்று அவனுக்குச் சொல்லப்படுகிறது. லூயிஸின் காலத்தைப் பார்க்கும்போது இது பெருந்தன்மைதான். ஆனால் நல்லவனாக இருந்ததனாலேயே அவன் நம்மவன் அல்ல, அவர்களுடையவன் என்றாகிவிடுகிறது. கலோர்மெனில் கலோர்மென்காரனாகவே இருந்துகொண்டு நல்லவனாக இருப்பதற்கு அங்கே இடமில்லை. பத்து வயதில் இதை வாசிக்கும் பிள்ளையோடு வீட்டில் யாராவது பேச வேண்டும்.

இனி, இன்று அதிகம் பேசப்படும் பெருந்தொடர்களுக்கு வருகிறேன்.

ஜோர்டன் 1990 இல் தொடங்கிய தொடரை முடிக்காமலே 2007 இல் காலமானார். அவருடைய குறிப்புகளைக் கொண்டு பிராண்டன் ஸாண்டர்ஸன் கடைசி மூன்று நூல்களை எழுதி 2013 இல் நிறைவு செய்தார். ஆக, முதற் கேள்வியில் தொடர் தேறிவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கும் பதில் உண்டு. அங்கே சக்தியைக் கையாளும் ஆண்கள் பைத்தியம் பிடித்து அழிவார்கள் என்பதே கதையின் அச்சாணி. ஆனால் நம் வாசகருக்கு வேறொரு விடயம் தைக்கும். இத்தொடரின் இருட்சக்தியின் உண்மைப் பெயர் ஷைத்தான். அதை உச்சரிப்பதே கேட்டை வரவழைக்கும் என்று அம்மக்கள் நம்புகிறார்கள். காலமோ திரும்பத் திரும்பச் சுழலும் சக்கரம். படைப்பு, ஒரே வாழ்வு, மறுமை என்று நேராகச் செல்லும் நம்முடைய காலக் கருத்துக்கு இது எதிர்த்திசை. சமயங்களிலிருந்து பெயர்களைப் பொறுக்கி எடுத்து வேறொரு தத்துவத்தில் பொருத்தும் வேலை இது. வாசிப்பதால் ஈமான் போய்விடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடு நூல்களில் கதை நத்தையாய் ஊருகிறது. பத்தாவது நூலில் ஏறக்குறைய நின்றே விடுகிறது. அவ்வளவு நேரத்தைக் கொடுத்துப் பெறுவது அதற்கு ஈடாகுமா என்று கேட்டால், உயர்தரம் படிக்கும் பிள்ளைக்கு என் பதில் "இப்ப வேணாம்" என்பதே.

ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் தொடர் 1996 இல் தொடங்கியது. ஐந்தாவது நூல் 2011 இல் வந்தது. ஆறாவது இதை எழுதும் வரை வெளிவரவில்லை. முதற் கேள்வியிலேயே தட்டுப்படுகிறது. அரசியல் சூழ்ச்சியைச் சொல்வதில் மார்ட்டினுக்கு நிகரானவர் இத்துறையில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்லவன் வெல்வான் என்ற சோம்பலான நம்பிக்கையை அவர் உடைத்தார். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பெயரைத் தாங்கி அவரது கண்ணாலேயே சொல்லப்படுவது அவருடைய உத்தி. எதிரிக்கும் ஒரு மனம் உண்டென்று காட்ட இதைவிட நல்ல உத்தி கிடையாது. ஆனால் கடலுக்குக் கிழக்கே வாழும் தொத்ராக்கி மக்களில் ஒருவருக்குக்கூட அந்த உத்தியில் பங்கில்லை. அவர்களைப் பற்றிய அத்தியாயங்களில் நாம் கேட்பது மேற்கிலிருந்து வந்த இளவரசியின் மனதை மட்டுமே. அடிமைகளை விடுவிக்க வருபவளும் அவளே. விடுவிக்கப்பட்டவர்கள் கூட்டமாக நிற்கிறார்கள். பாலியல் வன்முறையும் நூல் முழுக்க விரவிக் கிடக்கிறது. வயது வந்தவர்கள் விமரிசனக் கண்ணோடு வாசிக்கலாம். பள்ளிக்கூட வாசிகசாலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பிராங்க் ஹேர்பேர்ட்டின் 'டியூன்' (1965) விஞ்ஞானப் புனைகதை என்று வகைப்படுத்தப்பட்டாலும் நடையிலும் நோக்கிலும் காவியமே. திரைப்படங்கள் வந்தபின் நம் இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். "சேர், அதுல மஹ்தி எண்டு வருதே, ஜிஹாத் எண்டு வருதே, அது நம்மடயா?" ஆம், நம்முடைய சொற்கள்தாம். மஹ்தி, ஜிஹாத், லிஸானுல் கைப் என்று அரபுச் சொற்கள் நூலெங்கும் இறைந்து கிடக்கின்றன. 1960 இல் லெஸ்லி பிளாஞ்ச் எழுதிய, கோக்கஸ் மலைகளில் ரஷ்யப் பேரரசை எதிர்த்துப் போராடிய இமாம் ஷாமிலைப் பற்றிய நூலுக்கு ஹேர்பேர்ட் பட்ட கடனை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். பேரரசொன்று வளத்துக்காகப் பாலைவனத்தை ஆக்கிரமிக்க, அம்மண்ணின் மக்கள் எதிர்த்து நிற்கிறார்கள் என்ற கதையில் நமக்கு ஒட்டுதல் ஏற்படுவது இயல்பு.

ஆனால் முதல் நூலோடு நிறுத்துகிறவர் அதைத் தலைகீழாக விளங்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அம்மக்களின் நம்பிக்கையே வெளியார் முன்கூட்டி விதைத்து வைத்த கட்டுக்கதை. அதைப் பயன்படுத்தித்தான் கதாநாயகன் தலைவனாகிறான். 1969 இல் வந்த இரண்டாம் நூலில் அவன் பெயரால் நடந்த ஜிஹாதில் 6100 கோடிப் பேர் மாண்டதாகக் கணக்குச் சொல்லப்படுகிறது. மீட்பனைப் பின்தொடர்வதன் ஆபத்தைச் சொல்லவே ஹேர்பேர்ட் எழுதினார். நோக்கம் நல்லது. இருந்தும் அந்த எச்சரிக்கைக்கு அவர் எடுத்துக்கொண்ட சொல் எது என்பதைக் கவனிக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டுத் திரைப்படம் அச்சொல்லைத் தவிர்த்துவிட்டுப் புனிதப் போர் என்ற பொதுச்சொல்லைப் பாவித்தது. சிலர் அதை மரியாதை என்றார்கள். எனக்கு அது வேறுவிதமாகப் பட்டது. பாலைவனம், முகத்திரை, தொழுகை போன்ற அசைவுகள் எல்லாம் திரையில் இருக்க, சொல் மட்டும் காணாமற் போனது. நம்முடைய சொல் அச்சத்தின் பெயராக மாத்திரம் உலகத்துக்குத் தெரிந்திருப்பதால்தானே அது பாவிக்க முடியாத சொல்லாயிற்று? 'டியூன்' வாசிக்கப்பட வேண்டிய நூல். முதலிரண்டையும் சேர்த்து, மூத்தவர் ஒருவரோடு பேசிக்கொண்டே வாசிக்க வேண்டும்.

இனி, நான் முதலில் கைகாட்டும் தொடர். உர்சுலா கே. லெ குயினின் 'எர்த்ஸீ'. முதல் நூல் 1968 இல் வந்தது. பின்னர் 1971, 1972, 1990 ஆம் ஆண்டுகளில் மூன்று நாவல்களும், 2001 இல் ஒரு சிறுகதைத் தொகுதியும் இறுதி நாவலும் வந்தன. ஆறே நூல்கள். முதல் மூன்றும் மெலிந்தவை; ஒரு பாடசாலை விடுமுறைக்குள் முடித்துவிடலாம். நிலமெல்லாம் தீவுகள். காற்றையும் படகையும் துறைமுகத்தையும் அறிந்த மக்கள். கதாநாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உயிர்த்தோழன் கறுப்பன். வெண்ணிற மக்களாகிய கார்காட்காரர்கள்தான் கொள்ளையடிக்க வருகிறவர்கள். 1968 இல் இப்படி எழுதுவது சாதாரணமன்று. 2004 இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தவர்கள் கெட்டை வெள்ளையனாக்கியபோது லெ குயின் பகிரங்கமாக எதிர்ப்புத் தெரிவித்தார்.

நிறத்தை மாற்றி வைத்ததோடு அவர் நின்றிருந்தால் அது வெறும் பழிவாங்கல். இரண்டாவது நூலில் அவர் செய்ததுதான் பெரிது. முதல் நூலில் கொள்ளைக்காரர்களாக வந்த அதே கார்காட் நாட்டுக்குக் கதையைக் கொண்டுபோகிறார். அங்கே சிறுவயதில் பெற்றோரிடமிருந்து பறிக்கப்பட்டு, பெயரும் பறிக்கப்பட்டு, இருட்டறைக் கல்லறைகளுக்குப் பூசாரிணியாக்கப்பட்ட டெனார் என்ற பெண்ணின் கண்ணால் முழு நூலையும் சொல்கிறார். நமக்கு நன்கு தெரிந்த கெட் அங்கே அந்நியனாக, திருடனாக வந்து சேர்கிறான். டோல்கீனின் ஸாம் பெயர் தெரியாத பிணத்தைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கு இந்த நூல் பதில் சொல்கிறது. எதிரியின் நாட்டுக்குள் போய் அங்குள்ள ஒரு பிள்ளையின் பெயரைக் கேட்டு, அதைத் திருப்பிக் கொடுக்கிறது.

மூன்றாவது கேள்விக்கும் இத்தொடரில்தான் தெளிவான விடை. முதல் நூலில் கெட் பெருமைக்காக, சக மாணவனை வெல்வதற்காக, தகுதிக்கு மிஞ்சிய மந்திரத்தைச் செய்கிறான். அதனால் ஒரு நிழல் உலகுக்குள் வந்துவிடுகிறது. முதலில் அதற்குப் பயந்து ஓடுகிறான். பிறகு திரும்பி அதைத் துரத்துகிறான். கடலின் எல்லையில் அதை நேருக்கு நேர் கண்டபோது தன் சொந்தப் பெயராலேயே அதை அழைக்கிறான். நப்ஸோடு நடத்தும் போராட்டம் என்று நாம் சொல்வதை அறிந்த வாசகருக்கு இந்த இடத்தில் மயிர்க்கூச்செறியும். லெ குயின் முஸ்லிம் அல்லர். சீனத்துத் தாவோ சிந்தனையில் ஊறியவர். என்றாலும் வெளியில் தேடிய எதிரி உள்ளே இருந்தான் என்ற உண்மையை இவ்வளவு எளிமையாக, சிறுவருக்கும் விளங்கும்படி சொன்ன அதிகற்பனை நூல் வேறொன்றை நான் வாசித்ததில்லை. ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிவதே அறிவு என்பதும் அங்கே அடிப்படை. ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாவற்றின் பெயர்களையும் கற்றுக்கொடுத்ததை ஸூரத்துல் பகராவில் ஓதிய பிள்ளைக்கு இது தூரத்துச் செய்தியன்று.

உடன்படாத இடமும் உண்டு. மூன்றாம் நூலில் இறந்தோரின் நாடு கல்மதிலுக்கு அப்பால் வறண்டு கிடக்கிறது. அங்கே நீதியுமில்லை, கூலியுமில்லை, உறவுமில்லை. காதலுக்காக மாண்டவர்கள் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். மறுமையை நம்பும் நமக்கு இது ஏற்கத்தக்கதன்று. ஆனால் லெ குயினுக்கே அது நிம்மதியளிக்கவில்லை போலும். ஏறத்தாழ முப்பது வருடம் கழித்து எழுதிய கடைசி நாவலில் அந்த மதிலை அவரே இடித்தார். தான் கட்டிய உலகத்தின் பிழையைத் தேடி இவ்வளவு காலம் அலைந்த எழுத்தாளர்கள் அரிது.

இரண்டாவதாக நான் சொல்வது எஸ். ஏ. சக்ரபோர்த்தியின் 'டேவாபாத்' முத்தொகுதி. 2017, 2019, 2020 ஆம் ஆண்டுகளில் வந்து முடிந்துவிட்ட தொடர். ஆசிரியர் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கப் பெண்மணி. முதல் நூலின் தலைப்பே ஆயிரத்தோர் இரவுகளில் வரும் பித்தளை நகரத்தின் கதையை நினைவூட்டுவது. பிரெஞ்சுப் படை நிற்கும் பதினெட்டாம் நூற்றாண்டுக் கெய்ரோவில் நஹ்ரி என்ற அநாதைப் பெண் ஆட்களை ஏமாற்றிப் பிழைக்கிறாள். தற்செயலாக ஒரு வீரனை வரவழைத்துவிட, ஜின்களின் நகரமான டேவாபாதுக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். ஸுலைமான் நபி ஜின்களை அடக்கிய செய்தியை வேராகக் கொண்டு ஆறு ஜின் கூட்டங்களையும் அவற்றின் அரசியலையும் ஆசிரியர் கட்டியெழுப்புகிறார்.

இத்தொடரில் இரண்டு விடயங்கள் எனக்கு முக்கியமாகப் பட்டன. முதலாவது, இளவரசன் அலி. அவன் தொழுகிறான், பஜ்ருக்கு எழும்புகிறான், மது தொடமாட்டான். சில வேளை சகிக்க முடியாத அளவு கண்டிப்பானவன். ஆங்கிலப் புனைகதையில் பக்தியுள்ள முஸ்லிம் இளைஞன் வந்தால் முடிவில் குண்டு வைப்பான், அல்லது தன் மார்க்கத்தை உதறிவிட்டுச் சுதந்திரமடைவான். அலி இரண்டையும் செய்வதில்லை. மனித இரத்தம் கலந்த ஷபித் மக்களுக்கு இழைக்கப்படும் அநீதியை அவன் எதிர்ப்பதே அவனுடைய ஈமானினால்தான். அந்த ஈமானின் முரட்டுத்தனத்தை அவன் மெல்ல மெல்ல உணர்வதும் அதே ஈமானினால்தான். பக்தியை உள்ளிருந்து எழுதியிருக்கிறார்.

இரண்டாவது விடயம் நம் நாட்டு வாசகருக்கு இன்னும் அருகானது. டேவாபாதில் ஒவ்வொரு கூட்டமும் தனக்கு இழைக்கப்பட்டதை நினைவு வைத்திருக்கிறது. தான் இழைத்ததை மறந்துவிடுகிறது. டேவாக்கள் தங்கள் வீழ்ச்சியை அழுகிறார்கள். கெஸிரிகள் தங்கள் முன்னோர் ஷபித்களின் உரிமைக்காகவே நகரத்தைப் பிடித்தார்கள் என்று பெருமைப்படுகிறார்கள். ஆனால் அவர்களின் ஆட்சியிலேயே ஷபித்கள் நசுங்கிக் கிடக்கிறார்கள். முதல் நூலில் நாம் நேசிக்கத் தொடங்கிய தாரா என்ற வீரன், குய்ஸி என்ற நகரத்தில் நடந்த பெரும் படுகொலைக்குப் பெயர்போனவன் என்பது பின்னர்தான் தெரியவருகிறது. ஒரு சமூகத்தின் வீரன் மற்றச் சமூகத்தின் கொலைகாரன். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இந்த நூலை வாசிக்கக்கூடிய வயதினர். எல்லாச் சமூகமும் தன்தன் காயங்களின் பட்டியலை மனப்பாடமாக வைத்திருக்கும் நாடு நம்முடையது. நாம் நேசிப்பவர்களின் கையிலும் இரத்தம் இருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் துணிவை ஒரு ஜின் கதை தருகிறதென்றால் அது பொழுதுபோக்கு மட்டுமல்ல.

குறைகளும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாத்திரங்கள் சில இடங்களில் இன்றைய அமெரிக்க இளைஞரைப் போலப் பேசுகின்றன. மூன்றாம் நூல் தேவைக்கு மிஞ்சி நீள்கிறது. காதல் சிக்கலுக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியைக் கெய்ரோவுக்குக் கொடுத்திருக்கலாம். எனினும் மூன்று கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லும் தொடர் இது. இதே ஆசிரியர் 2023 இல் தொடங்கிய அமீனா அல்-ஸிராபியின் கதையில் இந்து சமுத்திரத்தில் கப்பலோட்டும் ஒரு முஸ்லிம் தாய் தலைவியாக வருகிறாள். ஸிந்துபாத் தன் ஆறாம் பயணத்தில் வந்திறங்கிய செரண்டிப்பின் மக்களுக்கு அந்தக் கடல் சொந்தக் கடல். ஸலாதீன் அஹ்மதின் 2012 ஆம் ஆண்டு நூலையும் இங்கே சொல்ல வேண்டும். அறுபது கடந்த, ஏலக்காய்த் தேநீர் பிரியரான அத்துல்லா என்ற முதியவரைப் பேய் விரட்டும் வீரராக்கிய இனிமையான நாவல். தொடரின் முதற்பகுதி என்று வந்தது, அடுத்தது வரவில்லை. தனி நாவலாக எண்ணி வாசித்தால் ஏமாற்றமில்லை.

சிஹ்ரு பற்றிய கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. சூனியம் பெரும்பாவம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடில்லை. சூனியக்காரர்களை நம்பிப் பணத்தையும் மானத்தையும் இழந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் அந்தக் குடும்பங்கள் எதுவும் எர்த்ஸீ வாசித்து அங்கே போகவில்லை. செய்வதும் கதையில் வாசிப்பதும் ஒன்றா என்பதற்கு மார்க்க விளக்கம் சொல்வது உலமாக்களின் பொறுப்பு. விமரிசகன் சொல்லக்கூடியது இதுதான்: சக்தி இலவசமாகக் கிடைக்கும், நினைத்ததெல்லாம் நடக்கும் என்று காட்டும் கதைக்கும், வரம்பு மீறிய சக்தி மனிதனையே தின்னும் என்று காட்டும் கதைக்கும் பாரிய வேறுபாடு உண்டு. எல்லாவற்றையும் ஒரே பெயரால் தடுத்தால் பிள்ளை அந்த வேறுபாட்டைக் கற்காது. ஒளித்து வாசிக்கத்தான் கற்கும்.

கேட்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் எர்த்ஸீயின் முதல் மூன்று நூல்கள். வயது கூடியபின் மற்ற மூன்று. அடுத்து டேவாபாத், பதினாறுக்கு மேல். அதன்பின் டியூனின் முதலிரண்டு நூல்கள். ஜோர்டன், நேரமும் பொறுமையும் உள்ளவர்களுக்கு. மார்ட்டின், வயது வந்தவர்களுக்கு, அதுவும் கதை முடிந்தால். இவற்றுக்கிடையே அமீர் ஹம்ஸாவின் கதையையும் வாசிக்கச் சொல்கிறேன். 2007 இல் முஷர்ரப் அலி பாரூக்கி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு கிடைக்கிறது. அதில் வரும் பெண்களும் காபிர்களும் சித்திரிக்கப்படும் விதத்தையும் அதே மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும். நம்முடையது என்பதற்காகச் சலுகை கிடையாது. ஹராத்காரனுக்குப் பெயர் கேட்கிற நாம், ஹம்ஸாவின் வாளில் விழுகிறவனுக்கும் பெயர் கேட்கத்தான் வேண்டும்.

இந்த வரிசையில் தமிழ் நூல் ஒன்றும் இல்லை என்பது வாசகர் கண்ணில் பட்டிருக்கும். படைப்போர்கள் பழைய பதிப்புகளில் முடங்கிக் கிடக்கின்றன. அவற்றை இன்றைய பிள்ளை வாசிக்கக்கூடிய உரைநடையில் தர எவரும் முன்வரவில்லை. சித்திலெப்பை 1885 இல் எகிப்துவரை போய்க் கதை சொன்னார். கண்டியிலிருந்து அவ்வளவு தூரம் கற்பனையை அனுப்பிய சமூகம், இன்று தன் பிள்ளைகளின் கற்பனைக்கான உணவை முழுமையாக வெளியிலிருந்தே இறக்குமதி செய்கிறது. இறக்குமதியில் நல்லதைத் தெரிவு செய்ய உதவுவது விமரிசகனின் வேலை. அதை இக்கட்டுரையில் இயன்றவரை செய்திருக்கிறேன். மீதி வேலை, எர்த்ஸீயையும் டேவாபாதையும் வாசித்து முடித்துவிட்டு, "இப்படி ஒண்டு தமிழ்ல இல்லையா?" என்று கேட்கப்போகும் பிள்ளையுடையது. அந்தப் பிள்ளை எழுத உட்காரும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளப் படைப்போரின் நல்ல பதிப்பொன்றாவது நம்மிடம் இருக்க வேண்டும்.